ஸ்ரீநிகேதன்: கிராமத்துக்குள் போன கொடைப்பணம்

கிராமங்களில் வேலை செய்யும் அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் கல்வி, பண்பாடு, சுற்றுச்சூழல் என்ற மூன்றும் பெரும்பாலும் தனித்தனித் தலைப்புகளில்தான் இருக்கும். பள்ளிக்கு ஒரு திட்டம், மரக்கன்றுக்கு ஒரு திட்டம், பண்பாட்டுக்கு வருடத்தில் ஒரு கலைவிழா. சட்டமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை பட்டியல் போடுகிறது. அதில் கல்வி இரண்டாவது இடத்தில், சுற்றுச்சூழல் நான்காவதில், கலையும் பாரம்பரியமும் ஐந்தாவதில், கிராம வளர்ச்சி பத்தாவதில் இருக்கின்றன.

ஊரில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது. குளம் வற்றினால் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போவாள். மேல்மண் அடித்துக்கொண்டு போய் விளைச்சல் குறைந்தால் திருவிழாவுக்கு வரி கட்ட ஆள் இருக்காது. திருவிழா நின்றுபோனால், ஊர் கூடி ஒரு வாய்க்காலைத் தூர்வார வேண்டிய நாளில் யார் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் போகும். இவற்றை ஒன்றாகப் பார்த்து, ஒரே இடத்தில், ஒரே பணத்தில் செய்து பார்த்த முயற்சிகள் இந்தியாவில் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன்பு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கியது. சாந்திநிகேதனைத் தெரிந்த அளவுக்கு அதன் பக்கத்திலேயே இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீநிகேதனை, தாகூர் தொடங்கிய கிராமச் சீரமைப்பு மையத்தை, நம்மில் பலருக்குத் தெரியாது. தாகூரின் வாழ்க்கையிலேயே தமிழில் அதிகம் பேசப்பட வேண்டிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

தாகூர் கிராமத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. 1890களில் குடும்பத்தின் ஜமீன் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஷிலாய்தஹ, ஷாஜாத்பூர், பதிசர் ஆகிய அந்த ஊர்கள் இன்று வங்கதேசத்தில் இருக்கின்றன. பத்மா ஆற்றில் படகுவீட்டில் தங்கிக்கொண்டு குத்தகை வசூலைக் கவனித்தவர், தன் குடிகள் எப்படி வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 1905இல் பதிசரில் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு வங்கி தொடங்கினார். பிறகு நோபல் பரிசுப் பணத்தையும் அதிலேயே போட்டார். வட்டிக்காரர்களின் பிடி தளர அந்த வங்கி உதவியது. ஆனால் 1930களில் கிராமப்புறக் கடன்களைத் தீர்க்கும் சட்டங்கள் வந்தபோது கொடுத்த கடன்கள் வசூலாகாமல் வங்கி நொடித்தது. பரிசுப் பணமும் அதோடு போனது.

அந்த ஜமீனில் அவர் செய்து பார்த்த இன்னொரு காரியம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை. ஊர்க்காரர்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சபை அமைத்தார்கள். குத்தகையோடு சேர்த்து ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குக் கொடுப்பார்கள், ஜமீனும் தன் பங்கைப் போடும். சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம் என்று எதற்குச் செலவிடுவது என்பதை அந்தச் சபை தீர்மானிக்கும். கொடுப்பவர் மட்டும் கொடுத்தால் அது நிற்காது, வாங்குகிறவரும் தன் கையிலிருந்து கொஞ்சம் போட வேண்டும் என்ற முடிவுக்குத் தாகூர் அப்போதே வந்துவிட்டார்.

அப்புறம் ஆள் தயார் செய்யும் வேலை. பணக்கார வங்காளிகள் பிள்ளைகளை வழக்கறிஞராகவும் ஐ.சி.எஸ். அதிகாரியாகவும் ஆக்க லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தாகூர் 1906இல் தன் மகன் ரதீந்திரநாத்தையும், நண்பரின் மகன் சந்தோஷ் மஜும்தாரையும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார், விவசாயம் படிக்க. 1912இல் சாந்திநிகேதனை அடுத்த சுருல் கிராமத்தில் ஒரு பழைய பங்களாவையும் நிலத்தையும் வாங்கினார். வாங்கிய பிறகும் சுமார் பத்து ஆண்டுகள் அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மலேரியா வாட்டியது. முழுநேரமாக அங்கேயே கிடந்து நடத்தும் ஆளும் இல்லை, தொடர்ந்து வரும் பணமும் இல்லை.

இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தன. லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர், முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவையும் மெசபடோமியாவையும் பார்த்தவர், அதன்பின் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு விவசாயம் படிக்கப் போனார். 1921இல் நியூயார்க்கில் தாகூர் அவரைச் சந்தித்து, சுருலுக்கு வர முடியுமா என்று கேட்டார். பணம் கொடுத்தவர் டோரதி ஸ்ட்ரெய்ட். அமெரிக்காவின் பெரும் செல்வக் குடும்பங்களில் ஒன்றான விட்னி குடும்பத்துப் பெண். போர் முடிந்த 1918இல் பாரிஸில் பரவிய காய்ச்சலில் கணவரை இழந்தவர். கார்னெலில் வெளிநாட்டு மாணவர்கள் சங்கத்துக்கு நன்கொடை கேட்டுப் போனபோதுதான் எல்ம்ஹர்ஸ்டுக்கு அவர் பழக்கம்.

சுருலுக்கு டோரதி கொடுத்த பணத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். ஒரே தடவையில் ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்துப் பெயர்ப் பலகை மாட்டிவிட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் வரும் தொகையாகக் கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது வந்தது. என்ன செய்ய வேண்டும் என்ற திட்டத்தையும் நியூயார்க்கிலிருந்து எழுதி அனுப்பவில்லை.

1922 பிப்ரவரி 6ஆம் தேதி சுருல் பங்களாவில் வேலை தொடங்கியது. இந்த மையத்துக்குத்தான் பிறகு ஸ்ரீநிகேதன் என்று பெயர் வந்தது. கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். முதல் பாடமே கழிப்பறைதான். குழி வெட்டுவது, தங்கள் மலத்தைத் தாங்களே மண் போட்டு மூடுவது, மக்கவைத்து அதைத் தோட்டத்துக்கு எருவாக்குவது. படித்த, மேல்சாதிக் குடும்பத்து இளைஞர்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்து இதைச் செய்தார்கள். 1922இல் இது எவ்வளவு பெரிய உடைப்பு என்பதை, இன்றும் மலக்குழிக்குள் மனிதர்களை இறக்கிக்கொண்டிருக்கும் நாட்டில் விளக்கத் தேவையில்லை. அதன் பிறகே காய்கறித் தோட்டம், கோழி, மாடு, நெசவு.

சுருலைப் பீடித்தவை மூன்று என்று எல்ம்ஹர்ஸ்ட் சொல்வார்: குரங்கு, மலேரியா, ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாமை. குரங்குக் கூட்டம் தோட்டத்தை அழித்தது, அதை விரட்டலாம். மலேரியாவுக்குக் கொய்னா உண்டு, கொசு பெருகும் குட்டைகளை மூடலாம். மூன்றாவதற்கு மருந்து கிடையாது. இந்துக்கள், முஸ்லிம்கள், சந்தால் பழங்குடிகள், இந்துக்களுக்குள்ளே சாதிவாரியாகத் தெருக்கள். ஒரு தெருவில் வீடு தீப்பிடித்தால் அடுத்த தெருக்காரர் தண்ணீர் கொண்டு வருவாரா என்பதே சந்தேகமான நிலை. இப்படிப்பட்ட ஊரில் குட்டையை மூடச் சொன்னால் யாருடைய குட்டை, யார் மண் சுமப்பது என்று சண்டை வரும். ஆக, சுகாதாரப் பிரச்சினை என்று தொட்டால் அது சமூகப் பிரச்சினையாக இருக்கிறது.

அவர்கள் பிடித்த வழி ஊர்ச் சிறுவர்களின் வழி. சாரணர் இயக்கத்தின் பாணியில் கிராமத்துப் பையன்களுக்கு விரதி பாலகர் என்ற படை அமைத்தார்கள். தீயணைப்பது, குட்டையில் மண்ணெண்ணெய் தெளிப்பது, காய்ச்சல் கண்ட வீடுகளுக்குக் கொய்னா கொண்டு போவது, திருவிழாக் கூட்டத்தில் உதவி செய்வது. பெரியவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமாட்டார்கள், பிள்ளைகள் போவார்கள். இந்த வேலையில் காளிமோகன் கோஷின் பங்கு பெரியது. கிராமம் கிராமமாக நடந்து, எத்தனை வீடு, எவ்வளவு கடன், என்ன நோய், எந்தக் குளம் யாருக்குச் சொந்தம் என்று கணக்கெடுத்தவர் அவர். இந்தியாவில் ஒரு தொண்டு அமைப்பு தானே முனைந்து செய்த பழைய கிராம ஆய்வுகளில் இவையும் சேரும். முதலில் கேட்டுத் தெரிந்துகொள், பிறகு கை வை என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

பிறகு வந்தவை சுகாதாரக் கூட்டுறவுச் சங்கங்கள். சில கிராமங்கள் சேர்ந்து ஒரு சங்கம், ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுச் சந்தா கட்டும், அந்தப் பணத்தோடு ஸ்ரீநிகேதனின் உதவியும் சேர்ந்து மருத்துவரும் மருந்தும் வரும். பணமாகக் கொடுக்க முடியாதவர் உடலுழைப்பைத் தரலாம். ஹாரி டிம்பர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வந்து மலேரியா வேலையைச் செம்மைப்படுத்தினார். பதிசர் ஜமீனில் பார்த்த அதே கணக்கு இங்கே மீண்டும் வருகிறது: ஊர் ஒரு பங்கு, வெளியிலிருந்து ஒரு பங்கு. எனக்குத் தெரிந்து ஸ்ரீநிகேதன் செய்தவற்றில் இதுவே மிகவும் திடமான வேலை. இலவச மருந்துக்கு வரிசையில் நிற்பவர், மருத்துவர் வரவில்லை என்றால் முணுமுணுத்துவிட்டுப் போவார். சந்தா கட்டியவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்பார்.

இனி மண்ணுக்கு வருவோம். பீர்பூமின் அந்தப் பகுதி செம்புரை மண் பூமி. காடு அழிந்த பிறகு மழை வந்து மேல்மண்ணை அரித்து அரித்து, தரை முழுக்கச் சிவப்பாகப் பள்ளமும் மேடுமாகக் கிழிந்து கிடக்கும். இந்த அரிப்புப் பள்ளங்களை அங்கே கோவாய் என்கிறார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் அழகு அது. விவசாயிக்கு அது அழிவு. 1922இலேயே எல்ம்ஹர்ஸ்ட் கல்கத்தாவில் மண்ணைக் கொள்ளையடிப்பது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார், தாகூரும் அதில் பங்குகொண்டு பேசினார். நகரம் கிராமத்திலிருந்து தானியம், நார், தோல், ஆள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது, திருப்பி எதையும் மண்ணுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர்கள் வாதம். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பொதுப்பேச்சில் இல்லாத காலத்தில் மண்வளம், நகரத்தின் பேராசை, கிராமத்தின் வறுமை மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேசியிருக்கிறார்கள்.

மண்ணரிப்புக்கு மரம் நட வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும், இன்றும் தெரியும். எப்படி நடுவது என்பதில்தான் ஸ்ரீநிகேதன் வேறுபட்டது. 1928 ஜூலையில் தாகூர் இரண்டு விழாக்களைத் தொடங்கினார். ஒன்று சாந்திநிகேதனில் மரம் நடும் விழா. மரக்கன்றைப் பூவால் அலங்கரித்த பல்லக்கில் வைத்துச் சுமந்து வந்தார்கள். பெண்கள் பாடிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். சங்கு ஊதினார்கள். மண், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்ற ஐம்பூதங்களாக ஐந்து பிள்ளைகள் நின்று அந்தக் கன்றை வாழ்த்தினார்கள். அந்த நாளுக்கென்றே தாகூர் பாடல்களும் எழுதினார். அடுத்த நாள் ஸ்ரீநிகேதனில் ஹலகர்ஷண் என்ற ஏர் பூட்டும் விழா. அலங்கரித்த மாடுகள், வேதப் பாட்டு, அப்புறம் உலகப் புகழ் பெற்ற அறுபத்தேழு வயதுக் கவிஞர் ஏரின் மேழியைப் பிடித்து உழுதார். ஓவியர் நந்தலால் போஸ் பின்னர் இந்த விழாவை ஸ்ரீநிகேதனில் சுவரோவியமாகத் தீட்டினார்.

இதைக் கவிஞருக்குத் தோன்றிய அலங்காரம் என்று கடந்துபோனால் விஷயத்தைத் தவறவிடுவோம். அந்த வட்டாரத்தில் உழவு என்பது கீழான வேலை, படிப்பு என்பது அதிலிருந்து தப்பிக்கும் வழி. மதிப்பில்லாத தொழிலில் எந்தப் புதுமையும் ஒட்டாது. நல்ல விதையும் நல்ல எருவும் கொடுத்தால் விவசாயி ஒரு போகம் செய்து பார்ப்பார். ஆனால் அவருடைய ஏரை ஊர் கூடி மாலை போட்டு வணங்கும்போது அவர் பிள்ளைக்கு அந்தத் தொழிலைப் பற்றி வேறொரு எண்ணம் வருகிறது. இன்னொன்றும் உண்டு. கோயில் விழாவில் எந்தச் சாதி எங்கே நிற்கும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. புதிதாகப் பிறந்த விழாவில் அப்படி எழுதப்படாத சட்டம் இல்லை. எல்லோரும் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். எல்ம்ஹர்ஸ்ட் மருந்தில்லை என்று சொன்ன அந்த மூன்றாவது நோய்க்கு, தாகூர் கையில் எடுத்த மருந்து விழாதான். தாகூர் 1941இல் மறைந்த பிறகு, அவர் நினைவுநாளான வங்காள சிராவண மாதம் 22ஆம் தேதியே மரம் நடும் நாளாயிற்று. அடுத்த நாள் ஏர் விழா. இன்றுவரை நடக்கிறது. நாடு முழுவதற்குமான வன மகோத்சவம் 1950இல் வந்தது, தாகூரின் மரம் நடும் விழாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

கல்விக்கும் இதே பார்வைதான். சாந்திநிகேதன் பள்ளியைப் பற்றித் தாகூருக்கே ஒரு மனக்குறை இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், பெற்றோர் மெட்ரிகுலேஷன் தேர்வைக் கேட்டார்கள், பள்ளி மெல்ல மற்றப் பள்ளிகளைப் போல ஆகிக்கொண்டிருந்தது. 1924இல் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்காக, தேர்வின் நெருக்கடி இல்லாத சிக்ஷா சத்ரா என்ற தனிப் பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள், பொறுப்பு சந்தோஷ் மஜும்தாருக்கு. தோட்டம் போடுவது, சமைப்பது, நெய்வது, வீட்டைப் பராமரிப்பது எல்லாமே பாடம், கணக்கும் எழுத்தும் அவற்றினூடாக வரும். 1926இல் மஜும்தார் இறந்துபோனார். அடுத்த ஆண்டு பள்ளி ஸ்ரீநிகேதனுக்கு மாறியது. பள்ளிக்கு வர முடியாத வயதுவந்தோருக்காக, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் ஏற்பாடு ஒன்றும் 1930களின் பின்பகுதியில் வந்தது.

கைத்தொழில் வழிக் கல்வி என்றதும் நமக்குக் காந்தியின் ஆதாரக் கல்வி நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தமிழர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. டபிள்யூ. ஆரியநாயகம். சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தவர், தாகூருக்குச் செயலாளராக இருந்து 1930இல் ரஷ்யப் பயணம் வரை உடன் சென்றவர். பிறகு மனைவி ஆஷா தேவியோடு காந்தியிடம் போய், 1937இல் ஜாகிர் உசேன் தலைமையில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவின் அமைப்பாளராகி, சேவாகிராமத்தில் அந்தக் கல்வியைப் பல ஆண்டுகள் நடத்தினார். இன்னொருவர் ஜி. ராமச்சந்திரன். சாந்திநிகேதனில் படித்துவிட்டுக் காந்தியிடம் போனவர். அவரும் மனைவி டாக்டர் சௌந்திரமும் 1947இல் திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியை ஒட்டித் தொடங்கியது காந்திகிராமம். மருத்துவமனை, பள்ளி, கதர், கிராமியப் பல்கலைக்கழகம் என்று அது வளர்ந்த விதத்தைப் பார்த்தால் ஸ்ரீநிகேதனின் உறவு தெரியும். தமிழ்நாட்டில் காந்திகிராமத்தைப் பற்றிப் பேசும்போது காந்தியைச் சொல்கிறோம், சௌந்திரத்தின் தந்தை டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரைச் சொல்கிறோம். வங்காளத்திலிருந்து வந்த இந்த நூலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கைத்தொழில்களைப் பற்றிச் சுருக்கமாக. நெசவு, மட்பாண்டம், அரக்குவேலை, தோல்வேலை எல்லாம் ஸ்ரீநிகேதனின் தொழிற்கூடத்தில் சொல்லிக் கொடுக்கப்பட்டன. தாகூரின் மருமகள் பிரதிமா தேவிக்கும் ரதீந்திரநாத்துக்கும் இதில் பெரும் பங்கு. சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்து ஓவியர்கள் வடிவம் போட, கிராமத்துக் கைகள் செய்தன. தோலில் பூவேலை அச்சிட்டு வண்ணம் ஏற்றும் சாந்திநிகேதன் பைகள் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்கள் அதை நம்பி வாழ்கின்றன. அறக்கட்டளை சொல்லிக் கொடுத்த ஒரு தொழில், அறக்கட்டளை கை எடுத்த பிறகும் சந்தையில் தானே நிற்பது அபூர்வம்.

சரி, இவ்வளவு நடந்தும் பீர்பூம் ஏன் செழிக்கவில்லை? இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. முதல் காரணம் நிலம். ஸ்ரீநிகேதன் எருவைத் தொட்டது, விதையைத் தொட்டது, கடனைத் தொட்டது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அது தொடவில்லை. தொட்டிருக்கவும் முடியாது, நடத்தியவரே ஜமீன்தார் குடும்பம். குத்தகை உழவர் நல்ல எரு போட்டு அதிகம் விளைவித்தால் அதில் பங்கு நிலக்காரருக்கும் போகும். மேற்கு வங்கத்தில் குத்தகை உழவர்களின் உரிமையை அரசு பெரிய அளவில் பதிவு செய்ய 1978 வரை, ஆபரேஷன் பர்கா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அறக்கட்டளைகள் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு, அது சொத்துரிமையை மாற்றுவது. அதைச் சட்டமும் மக்கள் இயக்கமும்தான் செய்யும். கிராம வளர்ச்சி பற்றிய கொடையாளர்களின் பேச்சில் இந்த உண்மை மிக அரிதாகவே வருகிறது.

இரண்டாவது, நிறுவனமாதல். 1951இல் சாந்திநிகேதனில் தாகூர் நிறுவிய விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஸ்ரீநிகேதன் அதன் ஒரு வளாகம் ஆனது. சம்பளம் உறுதியாயிற்று, பணம் டெல்லியிலிருந்து வந்தது, நல்லதுதான். ஆனால் கிராமத்துக்குப் போவது என்பது துறையின் விரிவாக்கப் பணியாகச் சுருங்கியது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும், காளிமோகன் கோஷைப் போல ஊர் ஊராக நடந்த நடைக்கு மதிப்பெண் கிடையாது. இதற்குத் தனிமனிதர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அமைப்பின் ஓட்டம் அப்படி. 1952இல் நாடு முழுவதும் சமூக வளர்ச்சித் திட்டம் வந்தபோதும் இதே கதை. ஸ்ரீநிகேதன், இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. மையம், உத்தரப் பிரதேசத்தின் இட்டாவா போன்ற முன்னோடி முயற்சிகள் அதற்குப் பின்னால் இருந்தன. ஒரு சில ஊர்களில் நிதானமாக, ஆள் தெரிந்து செய்ததை ஒன்றியம் ஒன்றியமாக அலுவலர்களை வைத்துப் பரப்பினார்கள். படிவம் பரவியது. எல்லா ஊர்களையும் சுமக்க என்னால் முடியாது, ஒன்றிரண்டு கிராமங்களையாவது முழுதாக நிமிர்த்த வேண்டும் என்று தாகூர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததில் இருந்த எச்சரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை.

இந்தக் கதைக்கு இங்கிலாந்தில் ஒரு மறுபாதி இருக்கிறது. எல்ம்ஹர்ஸ்டும் டோரதியும் 1925இல் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டில் டெவன் பகுதியில் டார்ட் ஆற்றங்கரையில் டார்டிங்டன் ஹால் என்ற பாழடைந்த பண்ணை மாளிகையை வாங்கினார்கள். இளைஞனாக அந்தக் கடற்கரைப் பக்கம் தங்கியிருந்த தாகூர்தான் அந்தப் பகுதியைச் சொன்னவர். சுருலில் கற்றதை இங்கிலாந்தின் நலிந்த கிராமப்புறத்தில் செய்து பார்ப்பது அவர்கள் நோக்கம். பள்ளி, பால்பண்ணை, கோழிப்பண்ணை, நெசவாலை, காடு வளர்ப்பு, கூடவே நடனமும் நாடகமும் இசையும். பிறகு எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டு வந்தார்கள். உதவி எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே வரும் என்று நினைக்கிறோம். இங்கே பணம் மேற்கிலிருந்து பீர்பூமுக்கு வந்தது, அறிவு பீர்பூமிலிருந்து டெவனுக்குப் போனது.

டார்டிங்டன் பணம் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தது, நடனக் கலைஞர் உதய்சங்கர் இமயமலைப் பகுதியின் அல்மோராவில் கலை மையம் தொடங்கியபோது. அங்கே பரதநாட்டியம் கற்பிக்கப் போனவர் பாலசரஸ்வதியின் ஆசான் கந்தப்ப பிள்ளை. தமிழ்நாட்டு நட்டுவனார் ஒருவரின் இமயமலை வாசத்துக்குப் பின்னால் சுருல் கிராமத்தில் தொடங்கிய நட்பு இருப்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

டார்டிங்டனும் தேய்ந்தது. பள்ளி 1987இல் மூடப்பட்டது. கலைக் கல்லூரி 2010இல் அந்த இடத்தை விட்டுப் போனது. சுற்றுச்சூழல் கல்விக்காக 1991இல் தொடங்கிய ஷூமாக்கர் கல்லூரியின் பட்டப் படிப்புகள் 2024இல் நிதி நெருக்கடியால் நின்றன. டோரதியின் செல்வம் இருந்த வரை நட்டத்தைத் தாங்கியது, அவருக்குப் பின் சொத்தை விற்றுத் தாங்கினார்கள். சுருலின் சுகாதாரச் சங்கங்களில் இருந்த ஊர்ப் பங்கு டார்டிங்டனில் ஒருபோதும் அந்த அளவுக்கு வரவில்லை. சுற்றியிருந்த டெவன் மக்களுக்கு அது கடைசி வரை பணக்காரத் தம்பதியின் இடமாகவே இருந்துவிட்டது என்பது என் கணிப்பு.

இன்றைய இந்தியாவில் டோரதி ஒரு காசோலை அனுப்பினால் என்ன ஆகும்? வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், டெல்லியில் குறிப்பிட்ட ஒரு ஸ்டேட் பாங்க் கிளையில் கணக்கு வேண்டும். 2020இல் திருத்தப்பட்ட விதிப்படி அந்தப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு செய்யக் கூடாது, இன்னொரு சிறிய அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கொடைப் பணத்தில் ஏமாற்று நடப்பதும் உண்மை. ஆனால் சுருலில் பெரும்பகுதிச் செலவே ஆட்கள்தான்: நடந்து போனவர்கள், கணக்கெடுத்தவர்கள், சண்டையைத் தீர்த்தவர்கள். கட்டடமும் கம்ப்யூட்டரும் கண்ணுக்குத் தெரியும் செலவு. ஊரின் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் ஆளின் சம்பளம் எளிதில் நிர்வாகச் செலவுப் பட்டியலில் விழுந்துவிடும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் இன்னொரு கட்டு. தொடரும் திட்டம் என்று எடுத்துக்கொண்டால், தொடங்கிய ஆண்டை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கணக்கை ஸ்ரீநிகேதன் மேல் வைத்துப் பார்க்கலாம். 1922இல் தொடங்கியது, 1925இல் முடிக்க வேண்டும். 1925இல் என்ன இருந்தது? எல்ம்ஹர்ஸ்ட் ஊரைவிட்டுப் போய்விட்டார். சிக்ஷா சத்ராவில் ஒரு கை அளவு பிள்ளைகள். மலேரியா குறையவில்லை. மரம் நடும் விழா தொடங்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. சுகாதாரக் கூட்டுறவுகள் பரவியது 1930களில். மதிப்பீட்டுக்கு வரும் எந்த அதிகாரியும் நியாயமாகவே இலக்கு எட்டப்படவில்லை என்று எழுதிக் கணக்கை மூடியிருப்பார். ஸ்ரீநிகேதனை நாம் எதற்காக நினைவு வைத்திருக்கிறோமோ அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவை.